செட்டிநாட்டு வீட்டு விறகடுப்புக்குப் புகைபோக்கி எவ்வளவு உயரம் வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் விறகடுப்பை மறுபடி பற்றவைக்கும்போது புகைபோக்கியின் உயரத்தை ஓட்டிலிருந்து மட்டும் அளந்து ஒன்றரை அடியில் நிறுத்திவிட்டால், அடுப்படி முழுக்கப் புகைதான். இரண்டு அளவு எடுக்க வேண்டும்: சுற்றியுள்ள கூரையை வைத்து ஒன்று, அடுப்பின் மேல்வாயிலிருந்து, அதாவது புகை குழாய்க்குள் நுழையும் இடத்திலிருந்து, இன்னொன்று. எது அதிகமோ அதையே கொத்தனாரிடம் சொல்லுங்கள்.

கூரைக் கணக்கு இது. ஓட்டைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். அதோடு, கிடைமட்டமாக 10 அடிக்குள் இருக்கும் எந்த முகடு, சுவர், மாடியை விடவும் 2 அடி கூடுதலாக நிற்க வேண்டும். தரையிலிருந்து 11 அடியில் குழாய் வெளியே வருகிறது, 8 அடி தள்ளி 14 அடி உயரத்தில் முகடு என்று வைத்துக்கொள்வோம். முதல் விதிப்படி 14 அடி போதும். இரண்டாவது விதிப்படி 16 வேண்டும். ஆக 16.

இந்த ஊர் வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரை நீள்கிறது. முகப்பு உயரம், அடுப்படிக் கட்டு கடைசியில் தாழ்வு. முகப்பைத் தாண்டி வரும் காற்று, தாழ்ந்த கட்டின் மேல் கீழ்நோக்கிப் புரளும். முற்றத்திலும் அதேதான். உயர்ந்த கட்டு 10 அடிக்கு வெளியே இருந்தாலும் இந்தச் சுழல் எட்டும். எனவே ஆடிக் காற்று வரும் தென்மேற்குப் பக்கம் மாடி இருந்தால், கணக்கில் வந்ததோடு நிறுத்தாமல் இன்னும் 2, 3 அடி ஏற்றும்படி இணைப்பு விட்டுவையுங்கள்.

அடுத்தது அடுப்புக் கணக்கு. மூடிய விறகடுப்புக்கு மேல்வாயிலிருந்து உச்சி வரை 15 அடி இருப்பது நல்லது. மேலே சொன்ன வீட்டில் அடுப்பின் மேல்வாய் இரண்டரை அடியில் இருந்தால், 16 அடிக் குழாயில் கிடைப்பது பதின்மூன்றரைதான். ஆகவே 18 அடிக்கு ஏற்றுங்கள்.

இங்கே வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புகையை மேலே இழுப்பது உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம். குழாய்க்குள் 150 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3.6 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுவை. வெளியே 38 டிகிரி ஆனால் அது 3-க்குக் கீழே வந்துவிடும். குளிர் நாட்டு அளவை அப்படியே எடுத்தால் சித்திரை வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு இழுவை குறையும். ஆனால் உயரத்தை இரட்டித்தால் புகையின் ஓட்டம் இரட்டிக்காது, ஏறக்குறைய 1.4 மடங்குதான் கூடும். ஒற்றைத் தகட்டுக் குழாயை வெளியே அளவுக்கு மீறி நீட்டினால் புகை வழியிலேயே ஆறி, இழுவை இளைத்துவிடும். வெளியே நிற்கும் பகுதிக்கு இரட்டைத் தகட்டுக் குழாய்தான் சரி.

வளைவு இல்லாமல் நேராக ஏற்றுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் 45 டிகிரி வளைவு. 90 டிகிரி வேண்டாம். முன்பக்கம் திறந்த அடுப்பென்றால் உயரம் மட்டும் காப்பாற்றாது, குழாயின் குறுக்குப் பரப்பு அடுப்பு வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வாய் 36க்கு 30 அங்குலம் என்றால் 108 சதுர அங்குலம், அதாவது 12 அங்குலக் குழாய். இதற்கு 6 அங்குலக் குழாய் போட்டு எத்தனை அடி ஏற்றினாலும் புகை முன்பக்கம்தான் வழியும்.

பகலில் பற்றவைத்ததும் புகை திரும்பி வந்தால் உயரத்தைக் குறை சொல்லுமுன் ஒன்றைப் பாருங்கள். கனத்த சுண்ணாம்புச் சுவர் வீட்டின் உட்புறம் வெளியை விடக் குளிர்ச்சி. உள்ளே நிற்கும் செங்கல் புகைபோக்கியிலும் குளிர்ந்த காற்று தேங்கி, கீழ்நோக்கி இறங்கும். ஒரு செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி மேல்வாயில் அரை நிமிடம் பிடித்தால், தீநாக்கு மேலே சாயத் தொடங்கும். அதன் பிறகு விறகைப் பற்றவையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அணைத்துவிடுங்கள். அது புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும்.

ஓட்டைத் துளைக்கும் இடத்தில் பர்மா தேக்குக் கைமரமும் ரீப்பரும் இருக்கும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 18 அங்குலம் விட்டே ஆக வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூடேறிய மரம் பின்னாளில் குறைந்த சூட்டிலும் பற்றும். அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது காப்பிட்ட இரட்டைத் தகட்டுக் குழாய் வாங்கி, அதற்குத் தயாரிப்பாளர் குறித்த இடைவெளியை விடுங்கள். ஏ.சி. சிமெண்ட், அதாவது கல்நார் கலந்த சிமெண்ட் குழாய் சூட்டில் வெடிக்கும், கல்நார் தூசும் கேடு. அது வேண்டவே வேண்டாம்.

கூரைக்கு மேல் 5 அடியைத் தாண்டினால் கம்பி இழுத்துக் கட்டுங்கள். மழைத் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடைவெளி விட்டத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. 8 அங்குலக் குழாய்க்கு 4 அங்குலம். சீமைக்கருவேலை வெட்டிய ஈரத்தோடு எரித்தால் உட்புறம் கரிப்பிசின் படியும். அது 3 மில்லிமீட்டர் ஆனதும் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள், விட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.