கிராமத்தில் சுகாதார எழுத்தறிவை அளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'சுகாதாரம்' என்று ஊருக்குள் ஆரம்பித்தாலே பேச்சு குப்பைத்தொட்டி, கழிப்பறை, கொசுமருந்து என்று போய்விடும். நாம் அளக்க வந்தது வேறு. உடம்புக்கு ஒன்று என்றால் விவரம் எங்கே கிடைக்கும், கிடைத்தது புரிகிறதா, அது நமக்குப் பொருந்துமா, வீட்டுக்கு வந்து அதன்படி நடக்க முடிகிறதா என்ற நான்கும் சேர்ந்ததுதான் சுகாதார எழுத்தறிவு. ஆனால் பல கணக்கெடுப்புகளில் மதிப்பெண்ணாக வந்து விழுவது பள்ளிப்படிப்பும் கண்பார்வையும் மரியாதையும்தான்.

ஆங்கிலத்தில் 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்கச் சொல்லும் 'ரெல்ம்' என்ற சோதனை உண்டு. அதைத் தமிழாக்கிப் பயன்படுத்துவது வீண். ஆங்கிலத்தில் எழுத்து ஒரு பக்கம், உச்சரிப்பு ஒரு பக்கம். சரியாகச் சொல்பவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம் என்று கொள்ளலாம். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்த நான்காம் வகுப்புப் பிள்ளை 'உயர் இரத்த அழுத்தம்' என்பதைத் தடங்கலில்லாமல் வாசித்துவிடும், பொருள் தெரியாது. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத பாட்டியோ, 'பிரஷர் மாத்திரை, காலையில ஒண்ணு' என்று கவரைப் பிரித்துக் காட்டுவார். ஸ்பானிய மொழிக்கும் இதே சிக்கல் வந்தபோது, வாசித்த சொல்லோடு தொடர்புடையது எது என்று கூடவே கேட்டு 50 சொற்களில் வேறொரு சோதனை செய்தார்கள்.

வாசிக்கக் கொடுக்கும் முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரிவது இயல்பு. கண்ணாடி வீட்டில் இருக்காது, இருந்தாலும் உடைந்திருக்கும். +1.5, +2, +2.5 என மூன்று வாசிப்புக் கண்ணாடிகள் பையில் இருக்கட்டும்.

ஐரோப்பாவில் உருவான 47 கேள்விப் பட்டியலும் அதன் 16 கேள்விச் சுருக்கமும் இன்று பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. 'மிகச் சுலபம்' முதல் 'மிகச் சிரமம்' வரை நான்கு விடைகள். மொழிபெயர்ப்பு சரியாக இருந்தாலும் பொருள் இல்லாமல் போகும் இடங்கள் உண்டு. மருந்தோடு வரும் துண்டுச்சீட்டைப் புரிந்துகொள்வது சுலபமா என்று ஒரு கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டு 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். துண்டுச்சீட்டு என்பதையே பார்த்திராதவர் என்ன சொல்வார்? இப்படிப்பட்ட கேள்விகள் களத்துக்குப் போகும் முன்பே பிடிபட வேண்டும். எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வியை வாசித்து, 'நான் என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்டாலே போதும்.

அடுத்தது கேட்கும் ஆள். கிராம சுகாதார செவிலியரே கேட்டால் எல்லாம் 'சுலபந்தாங்க' ஆகிவிடும். அவர் சொன்னது புரியவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? வெளியூர் ஆள் கேட்கட்டும். நான்கு விடைகளையும் வாயால் அடுக்கினால் கடைசியாகச் சொன்னதுதான் நினைவில் நிற்கும். புளியங்கொட்டையை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனக் குவித்து வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

சொன்னதோடு செய்ததையும் பார்க்காவிட்டால் பாதிதான் அளந்திருப்பீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு டம்ளர், ஒரு லிட்டர் பாட்டில் மூன்றையும் கொடுத்துக் கரைக்கச் சொல்லுங்கள். 'தெரியுமே' என்றவர்களில் சிலர் பொட்டலம் முழுவதையும் ஒரு டம்ளரில் கொட்டுவார்கள். அந்தக் கரைசலில் உப்பு மிதமிஞ்சிவிடும். குழந்தைக்கு அது ஆபத்து. இதில் நாமும் தவறலாம். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு 'ஒரு லிட்டர்' என்று சொல்பவருக்குச் சரி போட்டால் பிழை நம்முடையது.

கணக்குப் போடும்போது 'தெரியாது' என்ற விடையைச் சிரமத்தில் சேர்க்காதீர்கள். அது விடுபட்ட விடை. 16 கேள்விப் பட்டியலில் குறைந்தது 14 கேள்விக்கு விடை இருந்தால்தான் மதிப்பெண். சுலப விடை இரண்டுக்கும் 1, சிரம விடை இரண்டுக்கும் 0. 13ம் அதற்கு மேலும் போதுமானது, 9 முதல் 12 வரை சிக்கல், 8ம் அதற்குக் கீழும் போதாது. 13 என்பது போதுமானதில் சேரும். எல்லையில் நிற்பவர்களைக் கணினி நிரலில் தவறான பிரிவுக்குத் தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

பகல் பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போனால் வயதானவர்கள்தான் இருப்பார்கள். மற்றவர்கள் நூறு நாள் வேலையிலோ காட்டிலோ இருப்பார்கள். வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதை அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று பார்த்து முடிவு செய்து, அவர் இல்லையென்றால் மாலை ஆறுக்கு மேல் மறுபடி போக வேண்டும். கையில் கிடைத்தவரைக் கேட்டு எழுதினால் மாதிரி கெட்டது. எண்ணிக்கையும் அப்படித்தான். மாதிரிக்கு 385 பேர் போதும் என்று பாடப்புத்தகம் சொல்வது (95% நம்பிக்கை, 5% பிழை வரம்பு) ஆட்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் மட்டுமே பொருந்தும். ஊருக்கு 20 பேர் என எடுத்து, ஒரே ஊர்க்காரர்களின் விடைகளுக்குள் உள்ள ஒற்றுமையை (முழுக்க ஒன்றானால் 1) 0.05 என்று வைத்தாலும் 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு, அதாவது சுமார் 750 பேர் வேண்டும்.

காரணம் தேடும் இடத்தில்தான் அவசரம் அதிகம். படிப்பு, வயது, வருமானம் மூன்றையும் போட்டு 'படிப்பே காரணம்' என்று முடித்துவிடுகிறார்கள். ஒருமுறை மட்டும் எடுத்த கணக்கெடுப்பு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை அல்ல. எத்தனாம் வகுப்பு என்ற விடையும் ஏமாற்றும்: முப்பது வருடம் முன்பு எட்டாவது முடித்தவருக்கு வாசிப்பு மறந்திருக்கலாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் செய்வதுபோல ஒரு வாக்கியம் எழுதிய அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, செல்போன் யார் கையில் இருக்கிறது, மாத்திரைக் கவரை வீட்டில் வாசித்துச் சொல்வது யார் என்பவற்றையும் கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் விடை ஏழாவது படிக்கும் பேத்தி. பாட்டிக்கு மதிப்பெண் 6 வரும், ஆனால் மாத்திரை ஒரு வேளையும் தவறாது.