கோணலான படகை நேராக்கியது

1789-இல் பவுண்ட்டி கப்பலில் கலகம் செய்தவர்கள், கேப்டன் பிளையையும் 18 பேரையும் இறக்கிவிட்ட 23 அடிப் படகு இருக்கிறதே, அதன் 1:16 மாதிரியைக் கிட் வாங்கிக் கட்டினேன். முடித்தால் ஒன்றரை அடிகூட வராது.

அவசரத்தில் இடப்பக்கப் பலகைகளை மட்டும் மளமளவென்று ஒட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை, வாழைப்பழம்போல வளைந்திருந்தது. பசை காயும்போது பலகைகள் ஒரே பக்கமாக இழுத்திருக்கின்றன.

நல்லவேளை, ஒட்டியது வெள்ளைப் பசையால். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் இணைப்புகளில் தடவி, ஊறவிட்டு, மெல்லிய பிளேடைச் செருகினேன். ஏழில் ஆறு முழுசாக வந்தன. ஒன்று போச்சு.

அப்புறம் ஏராவை இரண்டு நேரான ரீப்பர்களுக்கு நடுவே இறுக்கி, இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டினேன். அணியத்துப் பக்கம்தான், அதாவது படகின் முன்முனைதான், படுத்தியது. பலகையின் முனையை அங்கே ஒடுக்கிச் சீவ வேண்டும். அகலமாகவே விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பலகை வளைந்துகொடுக்க வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துணிக் கிளிப் போட்டுக் காயவிட்டு, அதன்பிறகே பசை. ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் இடைவெளி விழுகிறது.

போன பலகைக்குப் பதில் ஐஸ் குச்சி. வார்னிஷ் அடித்தபின் எனக்கே தெரியவில்லை.