ஊனமுற்ற முன்னாள் படைவீரருக்குச் சொத்து வரிச் சலுகை: வடசென்னைக்காரர்கள் செய்ய வேண்டியது

பட்டாளத்தில் அடிபட்டு ஊன ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களில் பலர், மாநகராட்சி கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டினால் வரி தள்ளுபடி ஆகிவிடும் என்று நினைத்துப் போகிறார்கள். "அப்படி எதுவும் இல்லை சார்" என்று சொன்னதும் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், சலுகை இருக்கிறது, ஆனால் கவுண்டரில் இல்லை. வரியை முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அப்புறம் அந்த ரசீதோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும்.

நிபந்தனைகள் உண்டு: தமிழ்நாட்டில் நிரந்தரமாக வசிக்க வேண்டும், நீங்களே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு மட்டும்தான், ஓய்வுக்குப் பிறகு அரசு வேலையில் மறுபடி சேர்ந்திருக்கக் கூடாது, வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். பணியால் வந்த ஊனத்துக்காகச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் பாஸ்புக்கில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து நமக்குக் கிடைக்காது என்று முடிவு கட்டிவிடாமல் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

சரி, உண்மையான சிக்கல் பெயரில் இருக்கிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீடு அப்பா காலத்தது, அவர் போய் வருஷக்கணக்காகியும் வரி ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவுக்குப் போய்ப் பெயர் மாற்றம் கேளுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று நம் பக்கத்திலேயே ஆறு மண்டலங்கள் இருக்கின்றன, உங்களுடையது எது என்பது பழைய ரசீதிலேயே தெரியும், பில் எண்ணின் முதல் பகுதி மண்டலம், அடுத்தது வார்டு. டிஸ்சார்ஜ் புக்கில் (பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் சேவைப் புத்தகம்) ஒரு ஸ்பெல்லிங், பத்திரத்தில் வேறு ஸ்பெல்லிங் என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழியும், அதிகபட்சம் 5,000 ரூபாய், இது எல்லோருக்கும் உண்டு. ஆன்லைனில் கட்டினால் ரசீதைப் பிரிண்ட் எடுத்துவிடுங்கள், போனில் பணம் போன மெசேஜ் ரசீது ஆகாது. குடிநீர் வாரியத்தின் பில் வேறு, அதைக் கொண்டுபோனால் வேலைக்காகாது.

மனுவோடு டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஊன ஓய்வூதியத்துக்கான பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை), ஆதார், வங்கிப் பாஸ்புக், எல்லாவற்றிலும் ஒரிஜினலும் நகலும் எடுத்துப் போங்கள். கொடுத்ததற்குத் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். படைவீரர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய மனைவி மனு கொடுக்கலாம், வரி ரசீதை மட்டும் முன்கூட்டியே அந்த அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள்.