சூத்திரத்துக்கு முன் விசைப்படம்

இயற்பியல் கணக்கைப் படித்தவுடன், கொடுக்கப்பட்ட எண்களுக்குப் பொருந்தும் சூத்திரம் எது என்று தேடத் தொடங்குவதே பள்ளி மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். அதற்கு முன், அந்தப் பொருளை மட்டும் தனியே வரைந்து, அதன்மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்ட அவர்களைப் பழக்குங்கள்.

உராய்வற்ற, 30° சாய்வுள்ள தளத்தில் 2 கிலோகிராம் நிறையுள்ள கட்டை ஒன்று சறுக்குவதாகக் கொள்வோம். அதன்மீது இரண்டே விசைகள்தான் உண்டு: நேர் கீழ்நோக்கிய எடை 19.6 நியூட்டன், தளத்துக்குச் செங்குத்தான எதிர்விசை. பலர் 'சரிவில் இழுக்கும் விசை' என்று மூன்றாவது அம்பையும் சேர்த்துவிடுவார்கள்; அது எடையின் ஒரு கூறே தவிர, தனி விசை அன்று. ஒவ்வோர் அம்பையும் சுட்டி, 'இந்த விசையைத் தருவது எது?' என்று கேளுங்கள். பூமி, தளம் என்பவற்றைத் தவிர வேறு பதில் கிடைக்காதபோது, மிகையான அம்பை மாணவரே அழித்துவிடுவார். இந்த ஒரு கேள்வி, பத்துக் கணக்குகளைப் போட்டுக் காட்டுவதைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு ஓர் அச்சைச் சரிவை ஒட்டி எடுத்துக்கொண்டால், அத்திசையில் எடையின் கூறு 9.8 நியூட்டன், எதிர்விசை ஏறத்தாழ 17 நியூட்டன், முடுக்கம் 4.9 மீ/வி². எண்களைக் கடைசி வரியில் மட்டும் பிரதியிடச் சொன்னால், சமன்பாட்டின் இருபுறமும் நிறை நீங்குவதால் 5 கிலோகிராம் கட்டைக்கும் இதே முடுக்கம்தான் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.