பள்ளிப் பணியாளரைப் பற்றி அதிகாரி அவதூறாகப் பேசினால்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ அலுவலகப் பணியாளரையோ குறித்துச் சட்டமன்ற உறுப்பினரோ கல்வி அதிகாரியோ அவதூறாகப் பேசிவிட்டால், அந்தச் சொற்கள் எங்கே, எந்தப் பொறுப்பில், யார் முன்னிலையில் சொல்லப்பட்டன என்பதை முதலில் எழுதி வைக்க வேண்டும். வழக்குக்கு இடமிருக்கிறதா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும்.

லெபு லைட் சாலையில் கூடும் மாநிலச் சட்டமன்றத்தின் நடவடிக்கையில் பேசியிருந்தால் அவதூறு வழக்குக்கு வழியில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 72ஆவது விதி உறுப்பினருக்கு அந்தக் காப்பைத் தருகிறது. நாடாளுமன்றத்துக்கு 63ஆவது விதி. பொய்யென்று தெரிந்தே பேசியிருந்தாலும் அது நீங்காது. பதில் சொல்ல மன்றத்தில் இடமில்லாத ஒரு பணியாளருக்கு இது கொடுமைதான். ஆயினும் அதே உறுப்பினர் வெளியே வந்து செய்தியாளர்களிடமோ முகநூலிலோ அதையே மீண்டும் சொன்னால், மன்றத்தின் காப்பு அங்கே செல்லாது. ஆகவே ஹன்சார்ட் எனப்படும் மன்ற உரைப் பதிவையும் வெளியே பேசிய காணொலியையும் தனித்தனியே, தேதியோடு சேகரித்து வையுங்கள்.

தலைமையாசிரியரோ அதிகாரியோ கல்வி இலாகாவுக்கு எழுதும் அறிக்கைக்குக் கிடைப்பது நிபந்தனையுள்ள காப்பு. சொல்பவருக்குச் சொல்லும் கடமையும், பெறுபவருக்கு அதை அறிந்துகொள்ளும் கடமையோ நியாயமான அக்கறையோ இருக்க வேண்டும். நேர்மையாக நம்பி எழுதியது பிறகு தவறென்று தெரிந்தாலும் காப்பு நிலைக்கும். தீய நோக்கம் நிரூபிக்கப்பட்டால் விழும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால், முந்தைய தகராறு, உண்மை தெரிந்திருந்தும் மறைத்தது, பழிவாங்கும் எண்ணத்தைக் காட்டும் செய்திகள் ஆகியவற்றைத் தேடுங்கள். அதே அறிக்கை பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் பகிரப்பட்டிருந்தால், அதைப் பார்த்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் மிக முக்கியம். தொடர்பே இல்லாதவர்களுக்கும் சென்றிருந்தால் காப்பு பலவீனமாகிறது.

வாயால் மட்டும் சொன்னதென்று மனம் தளர வேண்டாம். பேச்சு உங்கள் தொழிலையோ பதவியையோ தாழ்த்தும் வகையில் இருந்தால், பண இழப்பைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கூறுகிறது. ஆசிரியர்களில் பலர் இதை அறியாமலே வழக்கு எண்ணத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

பொதுக் கடமையைச் செய்கையில் பேசியவர் மீது வழக்குத் தொடுக்க, 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதங்களே தருகிறது. இலாகா விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் கரைந்துவிடும்.

அரசுப் பணியிலிருப்பவர் முகநூலில் பதிலடி கொடுக்கக் கூடாது. பொது அறிக்கைகளை 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. வழக்கறிஞர் வழியாக அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தில், சொல்லப்பட்ட சொற்களை எழுத்துப் பிசகாமல் மேற்கோள் காட்டி, திரும்பப் பெறவும் மன்னிப்புக் கேட்கவும் நாள் குறியுங்கள்.