ஆங்கில மொழிமூலப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூல்

விஞ்ஞானம், கணிதத்தை ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளையின் மேசையில் அதே தரத்துத் தமிழ்ப் பாடநூலையும் வையுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். அயலில் படித்து முடித்த பிள்ளையின் புத்தகமென்றாலும் சரி. பாடத்திட்டம் ஒன்றுதான், அலகுகளும் படங்களும் பெரும்பாலும் அதே வரிசை. விளங்காத பந்தியைத் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பலாம், அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க வரும். பாதி ரியூசன் காசு மிச்சம்!

கலைச்சொல்லும் நம்முடையதாகவே கிடைக்கும். இந்தியக் காணொளிகளில் 'ஒளிச்சேர்க்கை' என்பார்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வகுப்பில் சொல்வது 'ஒளித்தொகுப்பு'.

லண்டன் பாடத்திட்டம் படிக்கும் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது சரிவராது. பழைய புத்தகமென்றால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், அலகுகள் மாறியிருக்கலாம்.