அடுப்பிலிருந்து தொடங்குங்கள்: குடும்பத்தை ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு கையேடு

சமூகவியல், சமூகப்பணி, மனையியல் ஆகிய மூன்று துறைகளிலும் குடும்பம் ஒரு பாடம். முதுகலையில் பெரும்பாலும் அதிலேயே ஒரு ப்ராஜெக்ட்டும் வந்து சேரும். அந்த ப்ராஜெக்ட் பல சமயம் முதல் பக்கத்திலேயே கெட்டுவிடுகிறது. கேள்வித்தாளில் ‘குடும்ப வகை: கூட்டு / தனி’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ஒரு டிக் போட்டுவிட்டு, மிச்ச ஆய்வு முழுவதையும் அதன்மேல் கட்டுவார்கள்.

அந்த டிக் எதையும் தாங்காது. மாடியில் மகனும் மருமகளும், கீழே பெற்றோர். அடுப்பு இரண்டு. ஆனால் நிலம் பிரிக்கவில்லை, கரண்ட் பில் அப்பா கட்டுகிறார், பேரனுக்கு மத்தியானச் சாப்பாடு கீழே. மகனைக் கேட்டால் “தனியாத்தான் இருக்கோம்” என்பார். அம்மாவைக் கேட்டால் “ஒண்ணாத்தான் இருக்கோம்” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். கேள்விதான் தப்பு.

அதனால் வகையைக் கேட்காதீர்கள், ஐந்து விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அடுப்பு எத்தனை, படுப்பது எங்கே, சம்பளம் யார் கைக்குப் போகிறது, சொத்து பிரிந்ததா, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது சேர்ந்தா தனியா. ஐந்துக்கும் ஒரே பதில் வரும் வீடு அபூர்வம். இந்தியச் சமூகவியலில் ஐ.பி. தேசாயும் ஏ.எம். ஷாவும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொன்னது இதுதான்: ஒரு கூரைக்குக் கீழே வாழும் வீடு வேறு, உறவாலும் கடமையாலும் கட்டப்பட்ட குடும்பம் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘வீட்டார்’ என்பது சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் சாப்பிடுபவர்கள். அந்த எண்ணை எடுத்துக் குடும்பம் என்று எழுதினால் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

ரேஷன் கார்டை வைத்தும் எண்ணாதீர்கள். ஒரே உலையில் சாப்பிடும் வீட்டில் இரண்டு கார்டு இருக்கலாம். தனித்தனியாகச் சமைக்கும் அண்ணன் தம்பி ஒரே கார்டில் இருக்கலாம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்றுதான் விதி. அப்படி ஒரு விதிக்காகவும் கார்டு பிரிந்திருக்கலாம். கார்டு எப்போது, யார் சொல்லிப் பிரிந்தது என்று ஒரு கேள்வி போட்டால், அந்த வீட்டின் பத்து வருட வரலாறு வெளியே வரும்.

எத்தனை வீடு போதும்

‘முதியோர் நிலை’ என்பது தலைப்பே அல்ல. ‘மகன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் தாயின் மருந்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், யார் போய் வாங்கி வருகிறார்கள்’ என்பது தலைப்பு. இப்படிச் சுருக்கிக்கொண்டால் 12 வீடு போதும். வீட்டுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் என்றால் 24 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர 5 மணி நேரமாவது ஆகும். ஆக, தட்டச்சுக்கு மட்டும் 120 மணி நேரம். இந்தக் கணக்கைப் போடாமல் 40 வீடு என்று கைடிடம் ஒப்புக்கொள்பவர்கள்தான் கடைசி மாதத்தில் பதிவுகளைக் கேட்காமலேயே முடிவுரை எழுதுகிறார்கள்.

உறவு வரைபடம்

1910இல் மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் விளக்கி எழுதிய வம்சாவளி முறைதான் இன்றும் அடிப்படை. ஏ3 தாளைக் குறுக்காக வையுங்கள்; பென்சில் மட்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. பேசுபவரை நடுவில் வைத்து நிழலிடுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை 4 சென்டிமீட்டர் விட்டால் நெருக்கடி வராது. சமூகப்பணித் துறையில் ஆணுக்குச் சதுரம் போடுவார்கள், இறந்தவருக்குப் பெருக்கல் குறி. இரண்டு முறையையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

தமிழில் இந்த வேலை சிக்கலாவது உறவுச்சொல்லால். “உங்களுக்கு எத்தனை அண்ணன் தம்பி?” என்று கேட்டால் பெரியப்பா மகனும் சித்தி மகனும் சேர்ந்தே வருவார்கள், ஏனென்றால் அவர்களும் அண்ணன் தம்பிதான். “உங்க அம்மா வயித்துல பிறந்தவங்க எத்தனை பேர்? மூத்தவங்கள்ல இருந்து சொல்லுங்க” என்று கேளுங்கள். இறந்துபோன குழந்தைகளையும் கேளுங்கள், மெதுவாக. ‘மாமா’ இன்னும் கடினம்: அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், மாமனார் மூவருமே மாமா. மாமன் மகளைக் கட்டிய வீட்டில் மூன்றில் இரண்டு ஒரே ஆளாகவும் இருப்பார். அங்கே வரைபடம் வளைந்து தன்மேலேயே வந்து விழும். அந்த ஆளை இரண்டு இடத்தில் வரைந்து, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். நீளக் கோடு இழுத்தால் பிறகு உங்களுக்கே புரியாது.

அழைக்கும் சொல்லை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். கொங்குப் பகுதியில் அம்மாவின் அம்மா அம்மிச்சி. மதுரைப் பக்கம் அப்பாவின் அம்மா அப்பத்தா. யாழ்ப்பாணத்தில் மாமன் மகள் மச்சாள். எல்லாவற்றையும் ‘பாட்டி’, ‘உறவினர்’ என்று சமப்படுத்திவிட்டால் யாரை யார் கட்டலாம் என்ற முறையே தாளிலிருந்து மறைந்துபோகும்.

நேற்றைக் கேளுங்கள்

“வீட்டு வேலையில் கணவர் உதவுவாரா?” என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். வேலை அவளுடையது, அவர் உதவுகிறார் என்று கேள்வியே முடிவு செய்துவிட்டது. “ஆமா, உதவுவாரு” என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

அதற்குப் பதிலாக நேற்றைய நாளைக் கேளுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணி நேரத் துண்டுகளாகக் கேட்டது. நீங்களும் 48 வரி போட்ட ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு இரண்டு கட்டம் வையுங்கள்: முதன்மை வேலை, கூடவே நடந்த வேலை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சமைப்பது ஒற்றைக் கட்டத்தில் காணாமல் போய்விடும். “மூணுல இருந்து நாலு வரைக்கும் சும்மாதான் உக்காந்திருந்தேன்” என்று வரும். “அப்ப கையில என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். அரிசியில் கல் பொறுக்கியது, யூனிஃபார்மில் பட்டன் தைத்தது எல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

முடிவெடுப்பதையும் இப்படித்தான் கேட்க வேண்டும். “யார் முடிவெடுப்பீங்க?” என்றால் “சேர்ந்துதான்” என்பார்கள். கடைசியாக வாங்கிய ஃப்ரிட்ஜைக் காட்டி, முதலில் யார் பேச்செடுத்தது, யார் வேண்டாம் என்றது, பணம் யாருடையது, பில் யார் பெயரில் என்று கேளுங்கள்.

நேரம்: காலை 11 முதல் 12 வரை, அல்லது பிற்பகல் 2 முதல் 4 வரை. மாலை 5 மணிக்குப் பிறகு போகாதீர்கள். பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பால் காயும், பதில் சுருங்கும். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளிடம் பொது விஷயம் மட்டும் கேளுங்கள். மாமியார் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தால் நீங்களும் ஒரு கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். முதல் சந்திப்பு அதற்காகவே என்று வைத்துக்கொள்ளலாம்.

மொய் நோட்டு

பலரும் தொடாமல் விடும் புதையல் இது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் நோட்டில் பெயர், ஊர், தொகை வரிசையாக இருக்கும். ஒரே வீட்டின் இரண்டு விசேஷ நோட்டுகளை, ஐந்தாறு வருட இடைவெளியில், அருகருகே வையுங்கள். முதல் நோட்டில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர் யார்? தொகை ஏறியது யாருக்கு? தாய்மாமன் சீர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? பங்காளிச் சண்டை நடந்த வருடத்தை யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், நோட்டு சொல்லும். புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் ஆடியில் மொய் விருந்தே தனியாக வைக்கிறார்கள். அங்கே பணச் சுற்றையும் உறவுச் சுற்றையும் பிரித்துக் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் கடனை எல்லாம் பாசம் என்று எழுதிவிடுவீர்கள்.

நோட்டைப் போட்டோ எடுக்காதீர்கள். உறவு, ஊர், வருடம், தொகை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பதில் வரைபட எண்.

சொல்லக்கூடாத வாக்குறுதி

ஒப்புதல் படிவத்தில் ‘எதையும் யாரிடமும் சொல்லமாட்டோம்’ என்று எழுதாதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விலக்கைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் நோட்டின் உள்ளட்டையில் இருக்கட்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணின் கையில் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது வேறு கண்ணில் பட்டால் அடி அவளுக்குத்தான். எண்ணை அவள் மனதில் பதியும்படி சொன்னால் போதும்.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. சின்ன ஊரில் ‘மூன்று மகள், சிங்கப்பூரில் ஒரு மகன், டெய்லர்’ என்றாலே யார் என்று தெரிந்துவிடும். உங்கள் கேள்விக்குத் தேவைப்படாத விவரங்களை, மகள்களின் எண்ணிக்கையோ தொழிலோ, மாற்றிவிடுங்கள். மாற்றியதை முறையியல் சாப்டரில் பொதுவாகச் சொல்லுங்கள். உண்மைப் பெயர்ப் பட்டியல் பதிவுகள் இருக்கும் லேப்டாப்பில் இருக்கக்கூடாது.

திரும்பப் போவது

எழுதும் முன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டின் மூத்த பெண்ணிடம் போங்கள். ஆண்கள் அப்பா வழியை ஐந்து தலைமுறை சொல்வார்கள், கட்டிக்கொடுத்த அத்தைகளை விட்டுவிடுவார்கள். அந்த அத்தைகள் எந்த ஊரில், யாருக்கு, எத்தனை பிள்ளைகளோடு என்பது பாட்டிக்குத் தெரியும். விரலை வைத்துக் காட்டிக்கொண்டே திருத்தச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் வட்டங்கள் கூடிவிடும்.

வீட்டார் ஒரு பிரதி கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் கொடுக்கும் தாளைத் தனியாக வரையுங்கள். யாரோ ஒருவர் தனியாக இருக்கும்போது மட்டும் சொன்ன முதல் திருமணம், தத்துக் கொடுத்த பிள்ளை, பேச்சு நின்றுபோன வருடம் எதுவும் அந்தத் தாளில் இருக்கக்கூடாது.